பைலகுப்பே நம்த்ரோலிங் மடாலயத்துக்கு முதன்முறை செல்லும் பெங்களூருத் தமிழர்களுக்கு

பெங்களூரில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் இரண்டு நாள் விடுமுறை கிடைத்தால் குடகுக்குப் புறப்படுவது வழக்கம். அந்தப் பயணத்தின் நடுவே, ஓட்டுநர்கள் ‘கோல்டன் டெம்பிள்’ என்று சொல்லும் இடத்தில் அரை மணி நேரம் இறங்கி, மூன்று பெரிய சிலைகளின் முன் படம் எடுத்துக்கொண்டு, ஒரு தட்டு மோமோ சாப்பிட்டுவிட்டு வண்டி ஏறுவதும் வழக்கமாகிவிட்டது. அந்த இடத்தின் பெயர் நம்த்ரோலிங். அது ஒரு மடாலயம். ஆயிரக்கணக்கான பிக்குகளும் பிக்குணிகளும் தங்கிப் படிக்கும் கல்விக்கூடம். தாய்நாட்டை இழந்து வந்த ஒரு மக்கள் கூட்டத்தின் ஊர்க் கோயிலும்கூட. நம் ஊர்க் கோயில்களின் நடைமுறையை மட்டுமே அறிந்த ஒருவர் அங்கே முதன்முறை செல்லும்போது எங்கே நிற்பது, எதைத் தொடலாம், எதைக் கேட்கலாம் என்று தயங்குவது இயல்பு. அந்தத் தயக்கத்தைத் தீர்ப்பதற்காகவே இதை எழுதுகிறேன். ஒரு முழுப் பகலையாவது இதற்கென ஒதுக்க முடியாதவர்கள் இந்தமுறை குடகோடு நிறுத்திக்கொண்டு, நேரம் வாய்க்கும்போது இதற்கென்றே தனியாக வருவது நல்லது என்பது என் கருத்து.

யாருடைய கோயில் என்பதை அறிந்து செல்லுங்கள்

1959ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் தலாய் லாமா திபெத்தை விட்டு இந்தியாவுக்கு வந்தார். அவரைத் தொடர்ந்து பல்லாயிரம் திபெத்தியர்கள் இமயத்தைக் கடந்து வந்தார்கள். அவர்களைக் குடியமர்த்துவதற்காக அன்றைய மைசூர் மாநில அரசு, இன்றைய மைசூரு மாவட்டத்தின் பிரியாபட்டணம் வட்டத்தில் பைலகுப்பேயை ஒட்டிச் சுமார் 3,000 ஏக்கர் காட்டு நிலத்தைக் குத்தகைக்குக் கொடுத்தது. 1960ஆம் ஆண்டின் இறுதியில் முதல் அணியினர் வந்து சேர்ந்தபோது அங்கே வீடும் இல்லை, வயலும் இல்லை. குளிர்ப் பீடபூமியில் பிறந்து வளர்ந்தவர்கள் தென்னிந்தியாவின் வெயிலில் காட்டை வெட்டித் திருத்தி, யானைகளுக்கு அஞ்சி இரவைக் கழித்து, மக்காச்சோளம் பயிரிட்டுத்தான் இந்த ஊரை உருவாக்கினார்கள். லுக்சுங் சம்துப்லிங் என்பது அந்த முதல் குடியிருப்பின் பெயர். 1969இல் டிக்கி லார்சோ என்னும் இரண்டாவது குடியிருப்பும் அருகிலேயே எழுந்தது.

நம்த்ரோலிங்கை 1963இல் நிறுவியவர் பெனோர் ரின்போச்சே. திபெத்திய பௌத்தத்தின் நான்கு பெரும் மரபுகளுள் மிகப் பழமையானது நியிங்மா. அதன் உட்பிரிவான பால்யுல் மரபின் பதினோராவது பீடாதிபதி அவர். விரல்விட்டு எண்ணக்கூடிய பிக்குகளோடு மூங்கிலால் கட்டிய சிறு கோயிலில் தொடங்கிய மடம் இது. இன்று நாம் காணும் பொற்கோயில் 1999இல்தான் திறக்கப்பட்டது. பெனோர் ரின்போச்சே 2009இல் மறைந்தார். கோயில்களிலும் கடைகளிலும் நீங்கள் காணும் முதிய துறவியின் படம் பெரும்பாலும் அவருடையதாகவே இருக்கும்.

தமிழருக்கு இது முற்றிலும் புதிய காட்சியன்று. நாகப்பட்டினத்தில் ஸ்ரீவிஜய அரசர் எழுப்பிய சூடாமணி விகாரத்துக்கு முதலாம் இராசராசன் ஏறத்தாழ 1006ஆம் ஆண்டில் ஆனைமங்கலம் என்னும் ஊரின் வருவாயைக் கொடையாக அளித்தான். கடல் கடந்து வந்தவர்கள் தம் முறைப்படி வழிபடுவதற்கான இடம் அது. அண்மைக் காலத்துக்கு வந்தால், அயோத்திதாச பண்டிதர் 1898இல் சென்னையில் தொடங்கிய சாக்கிய பௌத்த சங்கத்துக்குக் கோலார் தங்கவயலில் வலுவான கிளை இருந்தது. பெங்களூரிலும் தங்கவயலிலும் உள்ள பல தமிழ்க் குடும்பங்களின் பாட்டன்மார் புத்தரை வணங்கியவர்கள். ஆகவே, வேடிக்கை பார்க்கப் போகிறோம் என்ற எண்ணத்தோடு போக வேண்டியதில்லை.

எந்த நாளில் செல்வது

சனி, ஞாயிறு நண்பகலில் சுற்றுலா வண்டிகளின் நெரிசலால் கோயிலில் அமைதியாக நிற்கவே இடம் கிடைக்காது. வார நாள் ஒன்றில் விடுப்பு எடுக்க முடிந்தால் எடுங்கள். முடியாவிட்டால், முந்தைய இரவே அருகிலுள்ள குஷால்நகர் சென்று தங்கி, காலையில் கோயில் திறந்தவுடன் உள்ளே செல்லுங்கள்.

வழிபாட்டைக் காண விரும்புவோர் நாட்காட்டியைக் கவனிக்க வேண்டும். திபெத்திய மாதத்தின் பத்தாம் நாள், திபெத்தில் பௌத்தத்தை வேரூன்றச் செய்த ஆசான் பத்மசம்பவருக்கு உரியது; அது பெரும்பாலும் நம் பஞ்சாங்கத்தின் வளர்பிறைத் தசமியை ஒட்டி வரும். பௌர்ணமியும் அமாவாசையும் அவர்களுக்கும் புனித நாட்கள்தாம். ஆயினும் இரு கணக்குகளுக்கும் இடையே ஒரு நாள் முன்பின்னாக வேறுபாடு ஏற்படுவதுண்டு. சில ஆண்டுகளில் மாதமே தள்ளிப்போவதும் உண்டு. புத்தரின் பிறப்பு, ஞானம், பரிநிர்வாணம் ஆகியவற்றை நினைவுகூரும் சாகா தாவா பௌர்ணமி மே அல்லது ஜூன் மாதத்தில் வரும். அரசு விடுமுறையான புத்த பூர்ணிமா அன்றே அதுவும் வந்துவிடும் என்று எண்ணிச் சென்றால் ஏமாற்றமே மிஞ்சக்கூடும்.

திபெத்தியப் புத்தாண்டான லோசர் பிப்ரவரியிலோ மார்ச்சிலோ வரும். அதற்கு முந்தைய நாட்களில் பிக்குகள் முகமூடியும் பட்டு அங்கியும் அணிந்து ஆடும் சாம் நடனம், கழியும் ஆண்டின் தீமைகளை வெளியேற்றும் சடங்காகும். அதைக் காண நினைப்பவர்கள் காலையிலேயே போய் முற்றத்தின் ஓரத்தில் இடம் பிடித்துக்கொள்ள வேண்டும். நடனம் முடிந்ததும் கைதட்டுவது வேண்டாம். ஆடுபவர்களைப் பொறுத்தவரை அது வழிபாடு. லோசரின் முதல் சில நாட்களில் ஊர்க் கடைகளும் உணவகங்களும் பெரும்பாலும் மூடியிருக்கும் என்பதால், அந்நாட்களில் செல்வோர் உணவுக்குக் குஷால்நகரை நம்பியிருக்க வேண்டும்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை மழை வலுக்கும். குடையைவிட மழைச்சட்டையே வசதி; கோயில்களுக்கு இடையே திறந்த முற்றங்களில் நிறைய நடக்க வேண்டியிருக்கும்.

பெங்களூரிலிருந்து செல்லும் வழி

தொலைவு சுமார் 220 கிலோமீட்டர். மைசூரு, உணசூர், பிரியாபட்டணம் வழியாகச் செல்லும் சாலையில் மைசூரிலிருந்து ஏறத்தாழ 80 கிலோமீட்டரில் பைலகுப்பே வரும். அங்கிருந்து சில கிலோமீட்டர் தாண்டினால் காவிரிக் கரையில் குஷால்நகர். மைசூர் சாலை சாட்டிலைட் பேருந்து நிலையத்திலிருந்து மடிக்கேரி செல்லும் கர்நாடக அரசுப் பேருந்துகள் இவ்வழியாகவே போகின்றன. பைலகுப்பேயிலேயே இறங்கலாமே என்று தோன்றும். ஆனால் திபெத்தியக் குடியிருப்பு நெடுஞ்சாலையிலிருந்து விலகி உள்ளே பரந்து கிடக்கிறது. முதன்முறை செல்பவர்கள் குஷால்நகர் வரை பயணச்சீட்டு எடுத்து, அங்கிருந்து ஆட்டோவில் திரும்பி வருவதே எளிது. ஆட்டோ ஓட்டுநரிடம் ‘நம்த்ரோலிங்’ என்பதைவிட ‘கோல்டன் டெம்பிள்’ என்று சொன்னால் உடனே புரியும். ஏறுவதற்கு முன்பே கட்டணத்தைப் பேசிக்கொள்ளுங்கள். திரும்பும் பயணத்துக்கும் அவரையே அழைக்க விரும்பினால் எண்ணைக் குறித்துக்கொள்ளலாம். காத்திருக்கச் சொன்னால் அவர் பொறுமைக்கு ஏற்ப நீங்கள் அவசரப்பட நேரும்.

கர்நாடக முகவரி உள்ள அடையாள அட்டை வைத்திருக்கும் பெண்கள், 2023 ஜூனில் தொடங்கிய சக்தி திட்டத்தின்கீழ் அரசின் சாதாரண, விரைவுப் பேருந்துகளில் கட்டணமின்றிச் செல்லலாம். ராஜஹம்சா, ஐராவதா போன்ற சொகுசுப் பேருந்துகளில் அச்சலுகை இல்லை. புதிதாகப் பெங்களூருக்கு வந்து இன்னும் தமிழ்நாட்டு முகவரியையே வைத்திருப்பவர்கள் பயணச்சீட்டு எடுத்தாக வேண்டும்.

இரயிலில் செல்வோருக்கு மைசூருதான் அருகிலுள்ள பெரிய நிலையம். அங்கே புறநகர்ப் பேருந்து நிலையத்தில் குஷால்நகர் அல்லது மடிக்கேரிப் பேருந்தில் ஏற வேண்டும். இருசக்கர வாகனத்தில் செல்லும் இளைஞர்களுக்கு ஒரு சொல்: பெங்களூரு–மைசூரு விரைவுச்சாலையின் முதன்மைத் தடத்தில் 2023 ஆகஸ்ட் முதல் பைக், ஆட்டோ ஆகியவற்றுக்குத் தடை உள்ளது, பக்கச் சாலையிலேயே செல்ல வேண்டும். அதற்கேற்ப நேரத்தைக் கூட்டிக் கணக்கிடுங்கள்.

வாசலில்

நுழைவுக் கட்டணம் கிடையாது. பகல் நேரத்தில் மட்டுமே பார்வையாளர்களை அனுமதிப்பார்கள். தோளும் முழங்காலும் மறையும் உடை போதும். புடவை, வேட்டி, சுடிதார், முழுக்காற்சட்டை எதுவானாலும் சரி. கோயில் மண்டபங்களுக்குள் செல்லும்போது காலணியோடு தொப்பியையும் கறுப்புக் கண்ணாடியையும் கழற்றிவிட வேண்டும். படம் எடுப்பதற்கான விதி மண்டபத்துக்கு மண்டபம் வேறுபடும். வாசலில் உள்ள அறிவிப்புப் பலகையைப் படியுங்கள், ஐயமிருந்தால் அருகில் நிற்கும் பிக்குவிடம் கேளுங்கள். வழிபாடு நடந்துகொண்டிருக்கும்போது, அனுமதி இருந்தாலும் கேமராவை எடுக்காமல் இருப்பதே பண்பு. சிலைக்கு முதுகைக் காட்டி நின்று தற்படம் எடுப்பது அவர்களுக்கு மனவருத்தம் தரும். நம் ஊர்க் கருவறையின் முன் யாரேனும் அப்படி நின்றால் நமக்கு எப்படி இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

வலம் வருதல்

நேரே பொற்கோயிலுக்குள் ஓடாதீர்கள். முதலில் ஒருமுறை வெளியே சுற்றி வாருங்கள். திபெத்தியர்கள் இதைக் கோரா என்பார்கள். வலப்பக்கம் கோயில் இருக்குமாறு, நாம் பிரகாரம் சுற்றும் அதே திசையில் நடக்க வேண்டும். வழியில் வரிசையாக உள்ள உருளைகளுக்குள் மந்திரம் அச்சிட்ட தாள்கள் சுருட்டி வைக்கப்பட்டிருக்கும். வலக்கையால் அதே வலஞ்சுழித் திசையில் மெல்ல உருட்டிக்கொண்டே செல்லலாம். முன்னே முதியவர் ஒருவர் செபமாலையோடு நடந்துகொண்டிருந்தால் அவரை முந்திக்கொண்டு போக வேண்டாம். குழந்தைகள் உருளைகளை வேகமாகச் சுழற்றி விளையாடத் தொடங்குவார்கள். ஒவ்வொரு சுற்றும் ஒரு செபம் என்று ஒருமுறை சொன்னால் அவர்களே நிதானமாகிவிடுவதைக் கண்டிருக்கிறேன்.

மரங்களுக்கும் கம்பங்களுக்கும் இடையே கட்டியிருக்கும் ஐந்து நிறக் கொடிகளில் நீலம் வானையும், வெண்மை காற்றையும், சிவப்பு நெருப்பையும், பச்சை நீரையும், மஞ்சள் நிலத்தையும் குறிக்கின்றன. கிழிந்து கீழே விழுந்த கொடியிலும் மந்திரம் அச்சிட்டிருக்கும் என்பதால் அதை மிதிக்காதீர்கள். நினைவுப் பொருளாகப் பையில் போட்டுக்கொள்ளவும் வேண்டாம்.

மண்டபத்துக்குள்: எதைப் பார்ப்பது, எப்படிப் பார்ப்பது

பொற்கோயிலின் நடுவே வீற்றிருப்பவர் சாக்கியமுனி புத்தர். உயரம் 60 அடி. வலக்கை விரல்கள் நிலத்தைத் தொட்டிருப்பதைக் கவனியுங்கள். ஞானம் பெற்ற இரவில் பூமியையே சாட்சிக்கு அழைத்த நிலை அது. அவருக்கு இருபுறமும் 58 அடி உயரத்தில் பத்மசம்பவரும் அமிதாயுசும் இருக்கிறார்கள். மீசையும், உயர்ந்த மடல்தொப்பியும், கையில் வச்சிரமும் உடையவர் பத்மசம்பவர். எட்டாம் நூற்றாண்டில் திபெத்திய மன்னர் திரிசோங் தெத்சென் அழைப்பின் பேரில் இந்தியாவிலிருந்து சென்று அங்கே பௌத்தத்தை வேரூன்றச் செய்தவர் என்பதால், நியிங்மா மரபினர் அவரை இரண்டாம் புத்தர் என்றே போற்றுகின்றனர். மடியில் இரு கைகளையும் சேர்த்து அமுதக் கலசம் ஏந்தியிருப்பவர் அமிதாயுஸ். நீண்ட ஆயுளுக்கு உரியவர். வீட்டில் நோயுற்றவர்கள் இருந்தால் திபெத்தியர்கள் வேண்டிக்கொள்வது இவரிடம்.

செம்பால் வார்த்துப் பொன் முலாம் பூசப்பட்ட இச்சிலைகளின் உட்பகுதி வெறுமையாக விடப்படவில்லை. ஏடுகளும், பண்டைய ஆசிரியர்களின் எச்சங்களும், களிமண்ணால் செய்த சிறு தூபிகளும் உள்ளே வைக்கப்பட்டுள்ளன. அதனால்தான் அவற்றின் முன் மூன்றுமுறை நெடுஞ்சாண்கிடையாக விழுந்து வணங்குகிறார்கள். நீங்களும் அப்படி வணங்கலாம். கைகூப்பி நின்றாலும் போதும். யாரும் குறையாக நினைக்கமாட்டார்கள்.

நடுவே நீளவாக்கில் போடப்பட்டுள்ள மெத்தைகள் பிக்குகள் அமர்ந்து ஓதுவதற்கானவை. கால் வலித்தாலும் அவற்றில் உட்காராதீர்கள். அவற்றின் முன்னுள்ள குறுமேசைகளில் துணி சுற்றி வைத்திருக்கும் நீள் ஏடுகளையும், மணியையும், முரசையும் தொடாதீர்கள். எதையும் தாண்டி நடக்காதீர்கள். உட்கார வேண்டுமானால் ஓரத்தில், சிலையை நோக்கிக் கால் நீட்டாமல் சம்மணமிட்டு அமரலாம். ஓதுதல் தொடங்கும் வேளையாக இருந்தால் கட்டாயம் அமருங்கள். அடிவயிற்றிலிருந்து எழும் தாழ்ந்த குரல்களும், நெடுங்கொம்புகளும், தாளங்களும், முரசும் சேர்ந்து எழுப்பும் ஒலி முதலில் திகைக்க வைக்கும். சிறிது நேரம் பொறுத்தால் அதன் ஒழுங்கு பிடிபடும். இடையில் எழுந்து போக நேர்ந்தால் குனிந்தவாறு சுவரோரமாக வெளியேறுங்கள்.

சுவர்களில் நெருப்புச் சூழ, கோரைப்பல்லும் மண்டையோட்டு மாலையுமாகத் தோன்றும் உருவங்களைக் கண்டு ‘இது பேய்க் கோயிலா’ என்று கேட்கும் பிள்ளைகளுக்கு, நம் ஊர் எல்லையில் அரிவாளோடு விழித்துக்கொண்டு நிற்கும் கறுப்பசாமியைச் சொன்னால் உடனே விளங்கும். இவர்களும் அறத்தைக் காக்கும் காவலர்களே. நுழைவாயிலின் இருபுறமும் கவசம் பூண்டு நிற்கும் நால்வர் நான்கு திசைகளின் காவல் அரசர்கள்.

திபெத்தியக் கோயில்களின் முகமண்டபத்தில் பெரும்பாலும் ஒரு சக்கர ஓவியம் இருக்கும். பைலகுப்பேயில் எந்த மடத்துக்குச் சென்றாலும் இதைத் தேடுங்கள். தமிழ் வாசகர் இதன்முன் நேரம் செலவிடாமல் வரக்கூடாது என்பேன். எமன் தன் பற்களாலும் நகங்களாலும் பற்றியிருக்கும் அச்சக்கரத்தின் மையத்தில் பன்றி, பாம்பு, சேவல் ஆகிய மூன்றும் ஒன்றன் வாலை மற்றொன்று கவ்வியிருக்கும். அவை முறையே மயக்கம், வெகுளி, அவா ஆகியவற்றின் உருவங்கள். அதைச் சுற்றி ஆறு வகைப் பிறப்புகளின் உலகங்கள். விளிம்பில், ஒன்றைச் சார்ந்து ஒன்று தோன்றிப் பிறவியைத் தொடரச் செய்யும் பன்னிரண்டு காரணங்களைக் காட்டும் சிறு காட்சிகள். இந்தப் பன்னிரண்டையும் மணிமேகலைக் காப்பியம் பன்னிரு சார்புகள் என வரிசைப்படுத்தித் தமிழில் பெயரிட்டுத் தந்திருக்கிறது. அந்த வரிசையைக் கையில் வைத்துக்கொண்டு ஓவியத்தைப் பார்த்தால் வேறு வழிகாட்டியே தேவையில்லை. கோலூன்றித் தடுமாறும் குருடர் பேதைமை. பானை வனையும் குயவர் செய்கை. கிளைக்குக் கிளை தாவும் குரங்கு உணர்வு. ஓடத்தில் செல்வோர் அருவுரு. பலகணிகள் உள்ள வெற்று வீடு வாயில். தழுவி நிற்கும் இருவர் ஊறு. கண்ணில் அம்பு தைத்தவர் நுகர்வு. மதுவைப் பருகுபவர் வேட்கை. மரத்தில் கனி பறிப்பவர் பற்று. கருவுற்ற பெண் பவம். மகப்பேறு தோற்றம். பிணம் சுமந்து செல்பவர் வினைப்பயன். ஓவியருக்கு ஓவியர் ஓரிரு காட்சிகள் மாறுபடும். ஆனால் வரிசை மாறாது. சக்கரத்துக்கு வெளியே, மேலே ஒரு மூலையில் நின்று விரல் நீட்டும் புத்தரையும் பார்க்கத் தவறாதீர்கள். சுழற்சியிலிருந்து வெளியேறும் வழியை அவர் சுட்டுகிறார்.

வழிபாடு செய்ய விரும்பினால்

தேங்காய், கற்பூரம், பூத்தட்டு எதுவும் வேண்டாம். அர்ச்சனைச் சீட்டு இல்லை. திருநீறோ குங்குமமோ தரமாட்டார்கள். பலிபீடத்தில் வரிசையாக ஏழு கிண்ணங்களில் தெளிந்த நீர் வைத்திருப்பதைக் காண்பீர்கள். ஏழையும் செல்வரும் ஒன்றுபோல் படைக்கக்கூடியது நீர் என்பதால் அது முதன்மையான படையல். நீங்கள் கொண்டுபோக விரும்பினால் பழமோ, பிரிக்காத பிஸ்கட் பொட்டலமோ, ஊதுபத்தியோ கொண்டுபோகலாம். ஊதுபத்தியை மண்டபத்துக்குள் கொளுத்தாமல் பிக்குவிடம் ஒப்படையுங்கள்.

விளக்கேற்றுவது அவர்களுக்கும் பெரிய புண்ணியம். பெரும்பாலான மடங்களில் தீ, புகை ஆகியவற்றுக்கு அஞ்சி விளக்குகளுக்கென்று தனி அறை வைத்திருப்பார்கள். எத்தனை விளக்கு வேண்டும் என்று அலுவலகத்தில் சொல்லிப் பணம் கட்டி இரசீது பெற்றுக்கொண்டால், அவர்களே ஏற்றுவார்கள் அல்லது உங்களை ஏற்ற விடுவார்கள். காணிக்கையை உண்டியலிலோ அலுவலகத்திலோ மட்டும் செலுத்துங்கள்.

இறந்தவர்களுக்காகவும் நோயாளிகளுக்காகவும் வேண்டுதல் செய்யச் சொல்லிப் பெயர் எழுதிக் கொடுக்கும் வழக்கம் உண்டு. ஒருவர் இறந்த பின் நாற்பத்தொன்பது நாட்கள் வரை அவர் அடுத்த பிறவிக்கு இடைப்பட்ட நிலையில் இருக்கிறார் என்பது திபெத்திய மரபின் நம்பிக்கை. ஆகவே அந்நாட்களுக்குள் செய்யும் வேண்டுதலுக்குத் தனிச் சிறப்பு உண்டு. உற்றாரை இழந்து சில வாரங்களே ஆன நிலையில் செல்பவர்கள் அலுவலகத்தில் இதைத் தயங்காமல் சொல்லலாம். மறைந்தவரின் பெயரையும் இறந்த தேதியையும் ஆங்கிலத்தில் தெளிவாக எழுதி எடுத்துச் செல்லுங்கள். சாதி, கோத்திரம், நட்சத்திரம் எதையும் கேட்கமாட்டார்கள்.

பெரிய துறவியைச் சந்திக்கும் வாய்ப்புக் கிடைத்தால் காத்தா எனப்படும் வெண்பட்டுத் துணியை இரு கைகளிலும் விரித்து, தலை தாழ்த்தி நீட்ட வேண்டும். அவர் அதை வாங்கி உங்கள் கழுத்திலேயே திரும்ப அணிவிப்பார். அருகிலுள்ள கடைகளில் குறைந்த விலையில் கிடைக்கும். நம் வழக்கப்படி காலைத் தொட்டு வணங்க முற்படுவது தேவையில்லை; குறிப்பாகப் பெண்கள் பிக்குகளைத் தொடாமல் கைகூப்புவதே முறை.

பிக்குகளோடும் ஊராரோடும்

செந்நிற அங்கி அணிந்த அனைவரும் திபெத்தில் பிறந்தவர்கள் அல்லர். பூட்டான், நேபாளம், அருணாசலப் பிரதேசம், சிக்கிம், லடாக் எனப் பல இடங்களிலிருந்து சிறு வயதிலேயே படிக்க வந்தவர்கள் ஏராளம். அவர்களுடைய நாள் விடியுமுன் தொடங்கி, பாடம், ஓதுதல், மனனம், தேர்வு என்று நகர்கிறது. சிறுவர்களைக் கண்டதும் அழைத்து நிறுத்திப் படம் எடுப்பதும், மிட்டாயோ பணமோ கையில் திணிப்பதும் வேண்டாம். உதவி செய்ய விரும்பினால் அலுவலகத்தில் கல்விக்கென்றும் உணவுக்கென்றும் செலுத்தலாம்.

வணக்கம் சொல்ல ‘தாஷி டெலெக்’ போதும். முதிய பெண்மணியை ‘அமா-லா’ என்றும், முதியவரை ‘பா-லா’ என்றும் அழைத்தால் முகம் மலர்வார்கள். இளையவர்களுக்குக் கன்னடமும் இந்தியும் நன்றாகத் தெரியும். குளிர்காலத்தில் தென்னக நகரங்களின் நடைபாதைகளில் சுவெட்டர் விற்கும் திபெத்தியர்களை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். இக்குடியிருப்பின் பல குடும்பங்களுக்கு அந்த வணிகம் முக்கிய வருவாய். அவ்வாறு தமிழ்நாட்டில் கடை போட்டவர்களுக்கு விலை பேசும் அளவுக்குத் தமிழும் தெரிந்திருக்கும். ‘நீங்கள் சைனாவா’ என்று கேட்காதீர்கள். ‘எப்போது ஊர் திரும்புவீர்கள்’ என்ற கேள்வியையும் தவிருங்கள். அவர்களுள் பெரும்பாலோர் இங்கேயே பிறந்தவர்கள், அந்த ஊரைக் கண்ணால் கண்டதில்லை. அவர்களாகவே சொல்லத் தொடங்கினால் கேளுங்கள்.

நேரம் இருந்தால் அதே குடியிருப்பில் உள்ள சேரா மடத்துக்கும் ஆட்டோவில் செல்லுங்கள். திபெத்தின் பெரும் பல்கலைக்கழகங்களுள் ஒன்றான சேரா 1970இல் இங்கே மறுபடி நிறுவப்பட்டது. அங்கே தர்க்க முற்றத்தில் பிக்குகள் வாதிடுவதைக் காண்பது தனி அனுபவம். விடை சொல்பவர் தரையில் அமர்ந்திருக்க, வினவுபவர் நின்றவாறு கையை ஓங்கித் தட்டிக் காலை மிதித்துக் கேள்வியை முடிப்பார். சண்டையோ என்று தோன்றும். சிறிது நேரத்தில் இருவரும் சிரிப்பார்கள். நூலில் படித்ததை வாயால் நிலைநாட்டினால் தவிர அது கற்றதாகாது என்பது அவர்களின் கல்விமுறை. தூரத்தில் நின்று பாருங்கள், நடுவே புகுந்து நடக்காதீர்கள். தலாய் லாமாவுக்கு அடுத்த நிலையில் போற்றப்படும் பஞ்சென் லாமாவின் பீடமான தாஷி லுன்போ மடமும் 1972 முதல் இங்கே இயங்குகிறது.

உணவும் கடைகளும்

மடாலயத்துக்கு எதிரிலுள்ள கடைத்தொகுதியில் துக்பா என்னும் நூடுல்ஸ் சூப், மோமோ, திங்மோ என்னும் ஆவியில் வேகவைத்த ரொட்டி எல்லாம் கிடைக்கும். சைவர்கள் சொல்லும்போதே ‘வெஜ்’ என்று அழுத்திச் சொல்லுங்கள்; சில உணவகங்களில் மாட்டிறைச்சியும் சமைப்பார்கள் என்பதால், அதை உண்ணாதவர்கள் முன்கூட்டியே கேட்டுக்கொள்வது இரு தரப்புக்கும் நல்லது. வெண்ணெய்த் தேநீர் உப்புக் கரிக்கும். இனிப்புத் தேநீர் வேண்டுமானால் தனியாகக் கேட்க வேண்டும். கடைகளில் ஊதுபத்தி, செபமாலை, கொடி, கம்பளம் வாங்கலாம். கொடியை வீட்டில் கட்டுவதானால் உயரமான இடத்தில் கட்டுங்கள். தரைவிரிப்பாகவோ மேசைத்துணியாகவோ பயன்படுத்தாதீர்கள். சில்லறை நோட்டுகள் கையில் இருக்கட்டும்.

இரவு தங்குவோரும் வெளிநாட்டு விருந்தினரும்

மடாலயத்தின் விருந்தினர் இல்லத்தில் எளிய அறைகள் உண்டு. முன்பதிவு செய்துவிட்டுச் செல்லுங்கள். அங்கே மது, புகை, உரத்த பேச்சு ஆகாது. விடியற்காலை ஓதுதலைக் கேட்பதற்காகவே ஓர் இரவு தங்கலாம். இந்தியக் குடிமக்களுக்கு ஆதாரோ வேறு அடையாள அட்டையோ போதும். வெளிநாட்டுக் கடவுச்சீட்டு உள்ளவர்கள் பகலில் வந்து பார்த்துத் திரும்பலாம். ஆனால் திபெத்தியக் குடியிருப்புக்குள் இரவு தங்க உள்துறை அமைச்சகத்தின் பாதுகாக்கப்பட்ட பகுதி அனுமதி கட்டாயம். அலுவலகத் தோழர்களையோ, இலங்கையிலிருந்தும் கனடாவிலிருந்தும் வந்துள்ள உறவினர்களையோ அழைத்துச் செல்வதானால், அந்த அனுமதிக்குப் பல வாரங்களுக்கு முன்பே விண்ணப்பிக்க வேண்டும். இல்லையேல் குஷால்நகரிலோ மைசூரிலோ தங்க வையுங்கள்.

திரும்பிய பிறகு

ஞாயிறு மாலையில் மடிக்கேரியிலிருந்து வரும் பேருந்துகள் குஷால்நகரிலேயே நிரம்பியிருக்கும். பிற்பகல் மூன்று மணிக்குள் புறப்படுங்கள், அல்லது முன்பதிவு செய்துகொள்ளுங்கள். நேரடிப் பேருந்தில் இடமில்லாவிட்டால் மைசூரு வரை வந்து அங்கே மாறலாம். மைசூரிலிருந்து பெங்களூருக்கு இரவு நெடுநேரம் வரை பேருந்து உண்டு.

பௌத்தத்தைத் தொடர்ந்து கற்க வேண்டும் என்ற எண்ணம் எழுந்தால், அதற்காக மறுபடியும் 220 கிலோமீட்டர் செல்ல வேண்டியதில்லை. பெங்களூரில் மெஜஸ்டிக்குக்கு அருகே காந்திநகரில், ஆச்சாரிய புத்தரக்கித தேரர் 1956இல் நிறுவிய மகாபோதி சங்கம் இருக்கிறது. அது இலங்கையிலும் மியான்மரிலும் வழங்கும் தேரவாத மரபைச் சேர்ந்தது; ஓதுவது பாலி மொழியில், பிக்குகளின் அங்கியும் வேறு, பத்மசம்பவரும் காவல் தெய்வங்களும் அங்கே இல்லை. நம்த்ரோலிங்கில் கண்ட சக்கரத்தின் பன்னிரு சார்புகளை மட்டும் அங்கேயும் அதே வரிசையில்தான் கற்பிப்பார்கள்.